சளியில்லாத டீச்சருக்கு மல்லிகடானி

பொன்மலை ஸ்டீபன்ராஜ் ஜெயித்தவை லேசானவை அல்ல. மாதா கோவில் திருவிழா சாக்கு ஓட்டத்தில் முதல் பரிசு. சாக்குக்குள் அவனோடு ஒரு தவளையும் இருந்தது. கேரம் போட்டியில், விரலில் கட்டோடு, இரண்டாம் பரிசு. ஆடியது இரண்டே பேர் என்பதையும் சொல்லிவிடுவதுதான் முறை.

ஆனால் ஜங்ஷன் பக்கத்து ஓட்டலில் சூப் மாஸ்டர் வேலை மட்டும் அவனுக்குப் பிடி கொடுக்கவில்லை. அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவனை ஒருநாள் முதலாளி ரெங்கராஜ் கூப்பிட்டார்.

"சூப் மாஸ்டர் வேலையை விட்டு நின்னுட்டார்ப்பா. வியாகுலம்மாள் டீச்சர் வந்திருக்காங்க, காலேஜ்ல இங்கிலீஷ் நடத்தினவங்க. மல்லிகடானி சூப் வேணுமாம். கிண்ணத்தைக் காலி பண்ணிட்டாங்கன்னா வேலை உனக்கு. மிச்சம் வெச்சா வேற ஆள் பார்க்கணும்."

"அது என்னங்க மல்லிகடானி?"

"நம்ம மிளகுத்தண்ணிதான். வெள்ளைக்காரன் வாயில அப்படி ஆயிடுச்சு."

ஸ்டீபன்ராஜுக்குப் பகீரென்றது. சளி பிடிக்காமல் யாராவது மிளகுத்தண்ணி கேட்பார்களா? பாவம், டீச்சர்! மிளகை இரண்டு கைப்பிடி தட்டிப் போட்டான். கிண்ணத்தோடு தைலமும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு தானே போய் நின்றான்.

"எப்பலேருந்து டீச்சர் சளி?"

"எனக்கா? நல்லாத்தானே இருக்கேன்!"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. குடிங்க."

ஒரு வாய் குடித்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது.

"பாத்தீங்களா, உள்ள இருந்திருக்கு!" என்று போர்வையைப் போர்த்திவிட்டான்.

"அடேய், இதுல கோழி எங்கடா?"

"சளிக்குக் கோழியா?"

டீச்சர் இருமிக்கொண்டே பாடம் எடுத்தார். "அந்தக் காலத்துல இங்க இருந்த இங்கிலீஷ்காரங்க இதை விடாம குடிச்சாங்க. மெட்ராஸ் அதிகாரிகளுக்கு இதைச் சுருக்கி 'மல்'னே பட்டப்பேர். அவங்க விருந்துக்கு சூப் வேணும். நம்மகிட்ட சூப் ஏது? அதனால இதுல கறியைப் போட்டாங்க. அவங்க ஊருக்குக் கொண்டு போனதும் ஆப்பிள், அரிசி, க்ரீம்னு ஒவ்வொண்ணா ஏறிடுச்சு. தண்ணிங்கிறது பேர்ல மட்டும்தான் இருக்கு."

கோழி இல்லை, ஆப்பிள் இல்லை. வேலையும் இல்லை என்று ஸ்டீபன்ராஜுக்குப் புரிந்தது. ஆனாலும் நோயாளியை அப்படியே விட முடியுமா?

"அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர். மருந்தைப் பாதியில வைக்கக் கூடாது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மடமடன்னு குடிங்க. ம்!"

வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை அதட்டிய டீச்சர், போர்வைக்குள்ளிருந்து அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு மடமடவென்று குடித்தார். ரெங்கராஜ் ஓடிவந்து கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

வேலைக் காகிதத்தில் 'ஸ்டீபன்ராஜ், சூப் மாஸ்டர்' என்று அவன் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2024 நவம்பர் 18, திங்கட்கிழமை.