குதிரைக்கு ஒரு கம்பளி

சண்டைக் காலத்தில் வெள்ளவத்தைத் துணிக்கடைகளில் கம்பளி வாங்கப் போனால் ஒரே கேள்விதான். வெளிநாடு போகக் காத்திருந்த சனத்தால் லொட்ஜுகள் நிரம்பி வழிந்தன. கொழும்பு வெக்கையில் வேறு யார் கம்பளி வாங்குவார்கள்?

“கனடாவோ அக்கா, சுவிஸோ?” என்றார் கடைக்காரர்.

“நுவரெலியாவுக்கு.”

“அங்கயும் நல்ல குளிர்தான். ஆள் உயரமோ?”

“ஆள் இல்லைத் தம்பி, குதிரை.”

என் வீட்டுக்காரர் ஒரு முதலாளியின் லாயத்தில் குதிரை பார்த்தவர். குட்டியிலிருந்து அவர் கையால் வளர்ந்த பெட்டைக் குதிரையை, நுவரெலியா ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விட முதலாளி விற்றுவிட்டார்; அடுத்த கிழமை ஏற்றிப்போக லொறி வரும். அதற்கு நெஞ்சுச் சளி வேறு. மார்கழிக் குளிரில் செத்துவிடும் என்ற பயத்தில் இவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடையில் இருந்ததிலேயே தடித்த கம்பளி, பாய்கிற புலியின் படம் போட்டது. தொட்ட கையை எடுக்க மனம் வரவில்லை. ஆனால், புலியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனை வரைக்கும் எத்தனை செக்பொயின்ற் தாண்டுவது? குதிரை மிரளுகிறதோ இல்லையோ, ஆமிக்காரன் மிரளுவான். ரோசாப்பூப் போட்டதை எடுத்தேன். அதையும் பஸ்ஸை மறித்து விரித்துப் பார்த்தார்கள். “அஸ்வயாட்ட மாத்தயா,” குதிரைக்கு ஐயா என்று நான் சிங்களத்தில் சொன்னதும் ஆமிக்காரன் சிரித்துவிட்டான். மடிக்கக்கூட நில்லாமல் கம்பளியை அள்ளிச் சுருட்டிக்கொண்டேன்.

புதுத்துணி வாசத்துக்குக் குதிரை மிரளுமாம். வளர்த்தவன் வாசம் ஏறினால்தான் முதுகில் போடவிடுமாம். அதற்காக இவர் ரோசாப்பூக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கொட்டாஞ்சேனை மத்தியான வெயிலில் வாசலில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். வேர்த்து ஒழுகியது.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “அக்கா, அண்ணனுக்கு மலேரியாவோ?”

“இல்லை, காதல்,” என்றேன். பொய்யில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கம்பளியோடு குதிரை லொறியேறிப் போனது. தை பிறந்ததும், பொறுக்கமாட்டாமல் சந்திக் கடையிலிருந்து குதிரையை வாங்கிய ஏரிக்கரைக்காரருக்குப் போன் எடுத்தோம்.

“இருமலெல்லாம் இல்லீங்க, நல்லா இருக்கு. அந்தக் கம்பளியத்தான் கழுவ எடுக்க விடமாட்டேங்குது. கிட்டப் போனா கடிக்க வருதுங்க.”

“கழுவ வேணாம்,” என்றார் இவர். உடனே ரிசீவரை என் கையில் தந்துவிட்டார்.