ஒன்பது முறை நின்ற கல்

2009 ஜனவரி 14, புதன்கிழமை. பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். காற்றில்லாத பனிப்பொழிவு, வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே ஆறு காட்டியது. நேரங்களை அன்றே குறித்து வைத்தேன். நம்புவது உங்கள் விருப்பம். நடந்ததில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை.

பழைய கறுப்பு மண்பானைகளை யார் செய்தது என்று தீர்மானித்து எழுதித் தருவது என் தொழில். அலுவலகம் சாந்தா ஃபேயில்; பிறந்தது வடக்கே, ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், புவெப்லோ எனப்படும் பழங்குடிக் கிராமம் ஒன்றில்.

அன்று மேசைமீது இருந்த பானையின் அடியில் ‘ரேயெசிட்டா’ என்று கீறியிருந்தது. அவர் என் பெரியம்மா. அவர் பெயர் இருந்தால்தான் அந்நாளைய வணிகர்கள் பானை வாங்குவார்கள். ஆகவே, அண்டை வீட்டுப் பானைகளிலும் அவர் தம் பெயரைக் கீறிக் கொடுப்பார். எங்கள் ஊரில் யாரும் அதைப் பொய் என்று கருதியதில்லை.

பானையைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர் அனஸ்டாசியா அத்தை, வயது எழுபத்தெட்டு. செய்தது தம் தாய் வெந்தூரா என்றார். மருத்துவர் அவருக்கு வசந்தம் வரைதான் கெடு கொடுத்திருந்தார். அதற்குள் தாயின் பெயரை ஒரு காகிதத்திலாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. நான் சான்று கேட்டேன்.

“உங்க பெரியம்மா பேரக் கீறினப்ப யாருடி சான்று கேட்டா? படிச்சவளே, பானையக் கேளு.”

கேட்கவில்லை. அவர் போனதும் ‘ரேயெசிட்டா செய்தது’ என்று எழுதினேன். மெருகு ஒன்பது இடங்களில் விட்டுவிட்டுத் தொடர்ந்திருந்தது. கழுத்தருகே ஒரு மங்கிய புள்ளி. இரண்டையும் கவனக்குறைவு என்று குறித்தேன். கையொப்பமிடப் பேனாவை எடுத்தேன்.

3:14. க்ரீச்... க்ரீச்...

ஈரச் செம்மண் பூச்சின்மீது மெருகுக்கல் ஓடும் ஒலி. பிறந்ததுமுதல் கேட்ட ஒலி அது. பூச்சு காய்வதற்குள் முடிக்க வேண்டுமென்பதால், தொடங்கிய கையை யாரும் நிறுத்துவதில்லை.

இது நின்றது.

ஓர் இருமல். சிறு குழந்தையின் இருமல்.

மறுபடியும் கல்... மறுபடியும் இருமல்... கல் நின்றது.

அறையில் நான் மட்டுமே இருந்தேன்.

எண்ணினேன். ஒன்பது.

அதன்பின் இருமல் வரவில்லை. கல் மட்டும் ஓடியது... நிற்காமல்... 3:41 வரை.

மங்கிய புள்ளியைத் தொட்டேன். ஈரம்.

விரலில் ஒட்டியிருந்தது செம்மண்.

சுடாத மண்ணே சிவப்பு. இந்தப் பானையோ சுட்டுக் கறுத்துப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன.

மறுநாள் காலை அத்தையின் வீட்டுக்குச் சென்றேன். கேட்டதையும் தொட்டதையும் சொல்லாமல், அவருடைய தாய் மெருகிடும்போது எப்போதாவது நிறுத்தியதுண்டா என்று மட்டும் கேட்டேன். மிளகாய்க் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்தார்.

“ஒரே ஒரு நாள். எனக்கு அஞ்சு வயசு, தங்கச்சி டோனிட்டாவுக்கு மூணு. வெளிய பனி. அவ இரும இரும, அம்மா கல்லக் கீழ வச்சுட்டுத் தூக்கி உக்கார வைப்பா. நடுவுல ஒரு தடவ பாப்பா ஈரப் பானையில விரல வச்சுட்டா. அம்மா திட்டல. ஒம்பது தடவ எழுந்தா. அப்புறம்... எழ வேண்டியிருக்கல.”

“பானை?”

“மடியில அவளக் கிடத்திக்கிட்டே மீதியத் தேச்சு முடிச்சா. ஏம்மான்னு கேட்டேன். பாப்பா தொட்ட பானைடி, காய விடக் கூடாதுன்னா.”

அலுவலகத்துக்குத் திரும்பிப் பழைய தீர்மானத்தைக் கிழித்தேன். ‘செய்தவர் வெந்தூரா. பெயர் கீறியவர் ரேயெசிட்டா. மெருகின் ஒன்பது நிறுத்தங்களும் விரல் தடமும் மகளின் வாக்குமூலத்தோடு பொருந்துகின்றன.’ ஈரத்தை ஆவணத்தில் எழுத வழியில்லை. கையொப்பமிட்டேன்.

வெள்ளிக்கிழமை அதை எடுத்துச் சென்றேன். கோப்பில் சேர்ப்பதற்காக, அந்த மெருகுக்கல்லைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

அத்தை என்னை விநோதமாகப் பார்த்தார்.

“அது எப்படி? டோனிட்டா கையில வச்சுத்தான மண்ணப் போட்டோம். அதுக்கப்புறம் அம்மா வேற பானையே தொடல.”

நான் காகிதத்தை நீட்டினேன். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.