யார் பேர் கூப்பிடுவது?

போன செவ்வாய்க்கிழமை காலை. இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பழைய பிள்ளைக்காம்பரா வாசலில் ஐந்து பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கதவு பூட்டியிருக்கிறது. சாவியோ... முதலாவதாக நிற்கும் லெட்சுமியக்காவின் கையிலேயே!

கொழுந்தெடுக்கும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போன அந்த அறை இப்போது தையல் நிலையம். தொடங்கியவள் எனக்குத் தெரிந்த செல்வி. கட்டுநாயக்க கார்மென்ட்ஸில் எட்டு வருடம் இருந்தவள். மகளை விட்டுவிட்டு மறுபடி அங்கே போக மனமில்லை.

அன்று பின்னேரம் ஹோட்டல் வேன் வரும். நாற்பது ஏப்ரன் கொடுத்தால் மாதாமாதம் ஆர்டர். தவறினால் செல்வி கட்டுநாயக்க பஸ் ஏற வேண்டியதுதான். இன்னும் எட்டு பாக்கி. நூல் தீரப்போகிறதென்று வாங்க முதல் நாள் நுவரெலியா போனவள், திரும்பி வரும் பஸ் பழுதாகி வழியில் நிற்கிறாள்.

"சாவிதான் இருக்கே, உள்ள போகலாமே?" என்றேன், அங்கே போயிருந்த நான்.

"எப்புடிங்க டீச்சர்? இன்னும் யாரும் பேர் கூப்பிடலையே!" என்றார் லெட்சுமியக்கா.

சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, கங்காணி பெயர் கூப்பிட்ட பிறகே கொழுந்தெடுக்க மலையேறிய கால்கள் அவை. பிந்தினால் அரைப்பேர் - அரைநாள் சம்பளம்தான். சுயதொழில் என்று மெஷின் கொடுக்கிறோம், ரிப்பன் வெட்டுகிறோம், போட்டோ எடுக்கிறோம். இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று சொன்னோமா?

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லெட்சுமியக்கா தொண்டையைச் செருமினார்.

"நானே கூப்பிட்டா என்னா? மாரியாயி!"

"இருக்கேன்!"

"புஷ்பம்!"

"இருக்கேன்!"

நான்கு பெயரும் முடிந்தது. கடைசியாக, "லெட்சுமி!" என்றார். ஓரடி முன்னே வந்தார். "வந்துட்டேங்க!" என்று பதிலையும் அவரே சொன்னார். எல்லாரும் சிரிக்க, பூட்டு திறந்தது. எனக்குக் கண் கலங்கியது, மறைப்பானேன்?

மூன்று மணிக்கு வேன் வந்தபோது நாற்பதும் மடித்துத் தயார். அடுத்த மாத ஆர்டரும் கிடைத்துவிட்டது.

ஆனால் எனக்கு மறக்காதது வேறு. அன்று காலை பத்தரைக்குச் செல்வி மூச்சிரைக்க ஓடிவந்தாள். மெஷினிலிருந்து தலை நிமிராமலே லெட்சுமியக்கா சொன்னார்:

"லேட்டு! ஒனக்கு அரைப்பேருதான்... வந்து ஒக்காரு!"

மலையகத்தில் முதலாளிக்கு விழுந்த முதல் அரைப்பேர் அதுவாகத்தான் இருக்கும்!