அப்பாவுக்கு அறுநூற்றுப்பத்து குறைவு

'புஸ் புஸ்' என்று ரப்பர் குமிழ் மூச்சுவிட, அப்பாவின் கையில் சுற்றிய துணிப்பட்டை உப்ப, பெட்டிக்குள் நின்ற கண்ணாடிக் குழாயில் பாதரசம் விறுவிறுவென்று ஏறியதை, தண்டலம் கிளினிக்கின் ஸ்பிரிட் வாசனைக்கு நடுவே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த கார் கம்பெனியில் அப்பாவுக்கு வேலை ஏறக்குறைய உறுதி. டாக்டர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "நூத்தி அம்பது. கொஞ்சம் ஜாஸ்தி. உப்பைக் கொறைச்சிட்டு அடுத்த வாரம் வாங்க, பாக்கலாம்" என்றார் அவர்.

ஜாஸ்தியா? எனக்குச் சந்தேகம் தட்டியது. நம்மைச் சுற்றியுள்ள காற்று எழுநூற்று அறுபது மில்லிமீட்டர் பாதரசத்தின் அளவுக்கு அழுத்துகிறது என்று அந்த வாரம்தான் பள்ளியில் நடத்தியிருந்தார்கள். வெளியே அவ்வளவு, உள்ளே வெறும் நூற்றைம்பது என்றால், குடித்துப் போட்ட தண்ணீர் பாக்கெட் மாதிரி அப்பா இந்நேரம் 'சப்பை'யாகியிருக்க வேண்டும். கழித்துப் பார்த்தேன், அறுநூற்றுப்பத்து குறைந்தது. டாக்டர் எதையோ மறைக்கிறார், உப்பில்லாமல் குழம்பு வைக்கும் அம்மாவும் உடந்தை என்று முடிவுகட்டி, அப்பாவின் கன்னம் ஒட்டுகிறதா என்று சாப்பாட்டு நேரமெல்லாம் உற்றுப் பார்த்தேன். ஒட்டித்தான் இருந்தது, அவருக்குக் கடைவாய்ப் பல் இல்லாதது அப்போது நினைவுக்கு வரவில்லை.

என் கணக்கை வீட்டில் நம்பியவர் அப்பா ஒருவர்தான். பிரஷரை ஏற்ற நான் சொன்ன மருந்து நார்த்தங்காய் ஊறுகாய். "புள்ள படிச்சிட்டு சொல்றான்டி, அந்த ஜாடியை இப்டி கொண்டா" என்றார் அம்மாவிடம்.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அக்காதான் ஜாடியைப் பிடுங்கினாள். "டேய் மண்டு, பட்டையைச் சுத்தறதுக்கு முன்னாடி பாதரசம் எங்க நின்னுச்சு?"

"சைபர்ல."

"அப்போ ரூம்ல காத்து இல்லியா? காத்து இருக்கறப்பவே அது சைபர்தான் காட்டும். அதுக்கு மேல எவ்ளோன்னுதான் அளக்குது. மொத்தமா வேணும்னா ரெண்டையும் கூட்டிக்க."

கூட்டினேன். தொள்ளாயிரத்துப் பத்து. சப்பையாவார் என்று பயந்தவன், இப்போது அப்பா வெடித்துவிடுவார் என்று தெருவுக்கு ஓடினேன்.

"வெளியேருந்தும் அதே எழுநூத்தி அறுபது அமுக்குதுல்ல? உள்ள வாடா, உயிருக்குப் பயந்தவனே."

அடுத்த வாரம் பாதரசம் இறங்கியது, கையெழுத்து கிடைத்தது, அப்பா ஷிப்டுக்குப் போனார். ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போனது. அந்த வருத்தத்தை அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

இப்போது ஒரகடத்துக் கம்பெனியொன்றில் வருடாவருடம் நானும் கை நீட்டுகிறேன். பாதரசப் பெட்டி போய்விட்டது. பட்டனை அழுத்தினால் எண் மட்டும் மின்னுகிறது, எந்தச் சைபரிலிருந்து கிளம்பியது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. சென்ற முறை நூற்று நாற்பது காட்டியது.

"காத்தைச் சேர்த்தா, சேர்க்காமயா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

அந்த நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பட்டையை மறுபடி சுற்றினார்.