மூன்றங்குலத் தோட்டா

துப்பாக்கிக் கடையில் பழுது பார்க்கும் அவருக்கு 'முக்கால்' என்று பெயர். பழைய வேட்டைத் துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறை பெரும்பாலும் இரண்டே முக்கால் அங்குலம். பிறகு வந்தவற்றில் மூன்று. குழலில் என்ன பொறித்திருந்தாலும் முக்கால் நம்ப மாட்டார். அளவுக்கம்பியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையில் கை வைப்பார். இருபத்து மூன்று வருஷமாக இதே கதைதான்.

"இவரு வீட்ல சோத்தைக்கூட அளந்துட்டுத்தான் வாயில வைப்பாரு" என்பார் கடையின் கல்லாவில் உட்காருபவர்.

அளக்காமல் மாட்டிக் கொடுத்தது ஒரே ஒரு குழல். அதுவும் மனைவியின் தம்பியுடைய பழைய துப்பாக்கிக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜைமேல். அவன் எங்கேயோ வாங்கி வந்திருந்த அந்தக் குழலில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. அளவுக்கம்பி கடையில் இருந்தது.

"மூணு அங்குலம்னு வித்தவனே சொன்னான், மாமா."

"நாளைக்குக் கடையில பாத்துட்டு…"

"ஆசையா கேக்கறான், போட்டுக் கொடுங்களேன்" என்றாள் மனைவி, குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டே.

குழல் 'டக்'கென்று கச்சிதமாக உட்கார்ந்தது. அதில் மயங்கிவிட்டார்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. "மாமா, காலித் தோட்டா வெளிய வரமாட்டேங்குது. பாதியிலேயே சிக்கிக்குது."

"என்ன தோட்டா போடற?"

"மூணு அங்குலம்தான். காட்டுப்பன்னிக்கு அதுதான் சரி."

அந்தத் துப்பாக்கி முக்காலுக்கு ஞாபகம் இருந்தது. அதன் உடம்பில் காலித் தோட்டா வெளியேறும் ஜன்னல் சின்னத் தோட்டாவுக்கானது. குழலும் அப்படியே இருந்துவிட்டால்? மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே போய், மைத்துனனின் சோளக்கொல்லை ஓரத்தில் வைத்து அளந்தார். கம்பி இரண்டே முக்காலில் முட்டி நின்றது.

"இதை என்கிட்ட குடுத்துடு, மாப்ள."

"தோட்டா உள்ள போகுதே!" போட்டே காட்டினான்.

"போகும். வாய் மடிஞ்சிருக்கற வரைக்கும் போகும். வெடிச்சதும் அந்த வாய் விரியணும், இதுல அதுக்கு இடமில்ல. குழல் ஒடுங்கற இடத்துல போய் அடைச்சுக்கும். அழுத்தம் எங்க போகும்? உன் மூஞ்சிக்குத்தான்."

"முப்பது தடவை சுட்டாச்சு, மாமா. ஒரு கீறல் இல்ல. துப்பாக்கிக் கடைக்காரருக்கே இவ்ளோ பயமா?"

"தப்பு என்னோடது. அளக்காம மாட்டினேன். வேற குழல் என் கைக்காசுல வாங்கித் தர்றேன்."

"எப்போ? கொல்லை மொத்தம் போன பிறகா?"

முக்கால் துப்பாக்கியைப் பிடித்து இழுத்தார். மைத்துனன் அலட்டிக்கொள்ளாமல் அவர் விரல்களைப் பிரித்துவிட்டு, நாலு எட்டு தள்ளிப் போய், தோளில் வைத்துச் சுட்டான். முக்கால் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவன் முழுசாக நின்றிருந்தான், சிரித்தபடி. சிக்கிய காலித் தோட்டாவை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து அவர் கையில் வைத்தான். இன்னும் சூடாக இருந்தது. அதன் வாய் சரியாக விரியாமல், விளிம்பு கருகிக் கிழிந்திருந்தது.

"இதைப் பாரு, மாப்ள."

"பாத்தேன். சுட்டுச்சா, இல்லையா?"

அந்த ஒரு வெடியில் குழல் வெடித்தே போயிருந்தால் நம்பியிருப்பானோ என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "கொடுத்தானா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவளும் இரண்டு தடவை போன் பண்ணி அழுதாள். அக்காவின் அழுகையும் அவனை அசைக்கவில்லை. இப்போதெல்லாம் வீட்டில் போன் அடித்தால் இருவரும் உட்கார்ந்தபடியே இருக்கிறார்கள். மற்றவர் எடுக்கட்டும் என்று.