கடைக்கார அண்ணையின் கமரா

ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்காரர் ஒருவரைக் கட்டியதற்காக என் சொந்தபந்தம் முழுவதும் என்னைத் தலைமுழுகிவிட்டது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்க் கடைக்காரர் மட்டும் என்னோடு முகம் கொடுத்துப் பேசினார். நான் அண்ணை என்பேன், அவர் தங்கச்சி என்பார். என் மகன் முதன்முதல் தின்ற மாம்பழமே அவர் கொடுத்ததுதான். ஊரில் இலங்கை ஆமிக்காரர்கள் தன்னை வெயிலில் முழங்காலில் நிற்க வைத்த கதையை, சாமான் வாங்க வருகிற எல்லோருக்கும் இலவசமாகத் தருவார். நானும் சலிக்காமல் உச்சுக் கொட்டுவேன்.

மகனுக்குப் பதினாறு வயது. தகப்பனின் நிறம், தகப்பனின் உயரம். கறுப்புப் பிள்ளை வளர்க்கிற தாய்க்கு லண்டனில் தனிப் பாடத்திட்டம் உண்டு. ஓடாதே, சட்டைப்பைக்குள் கை விடாதே, எதிர்த்துக் கதைக்காதே. எல்லாம் சொல்லித்தான் வளர்த்தேன். ஒருநாள் முருங்கைக்காய் வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன். அண்ணையின் கடை வாசலிலேயே போலீஸ் மறித்து, கத்தி வைத்திருக்கிறான் என்று சுவரோடு அழுத்தி, விலங்கு பூட்டிக் கொண்டுபோனது. பையில் இருந்தது முருங்கைக்காய். அந்த மேதைகள் அதை முன்பின் கண்டதில்லை போலும். இரவு வீட்டுக்கு விட்டார்கள், ஆனால் அவன் திமிறினானாம், போலீஸை அடித்தானாம், வழக்குப் போடப்போகிறார்களாம்!

கடை வாசலில் கமரா இருக்கிறது. அந்தப் பதிவு கிடைத்தால் பிள்ளை தப்பிவிடுவான், ஆனால் சில கிழமைகளில் அது தானாக அழிந்துவிடும் என்றார் வக்கீல். அண்ணையிடம் ஓடினேன்.

"கமரா வேலை செய்யேல்லைத் தங்கச்சி," என்றார். மறுநாள் போனால், "பாஸ்வேர்ட் மறந்துபோச்சு."

சரி, எங்கள் தமிழ்க் கவுன்சிலர் எதற்கு இருக்கிறார் என்று அவரிடம் போனேன். இனவாதத்தை ஒழிப்பேன் என்று அவர் அடித்த நோட்டீஸை மழையில் வீடு வீடாகப் போட்டவள் நான்.

"இப்ப போலீஸைப் பகைக்க ஏலாது அக்கா. எலெக்ஷன் முடியட்டும், பாப்பம்," என்றார். "தம்பியைக் கொஞ்சம் நல்ல உடுப்பாப் போடச் சொல்லுங்கோ."

என்ன கரிசனை! அந்த வெட்கம் கெட்ட மனிதருக்காக நனைந்ததை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

சனிக்கிழமை, கடை நிறையச் சனம். நான் போய் அரிசி மூட்டை மேல் குந்திவிட்டேன்.

"படத்தைக் காட்டுங்கோ அண்ணை. காட்டும் வரைக்கும் எழும்ப மாட்டன்."

"சனம் பாக்குது தங்கச்சி..."

"பாக்கட்டும். வடிவாப் பாக்கட்டும்."

வேறு வழியில்லாமல் என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்த் திரையைப் போட்டார். பாஸ்வேர்ட் உடனே ஞாபகம் வந்துவிட்டது. போட்டதும் வெளியே போய்விட்டார். நான் திரையில் ஓடியதைக் கைபேசியில் பிடித்தேன்.

மகன் திமிறவேயில்லை. இரண்டு கையையும் தூக்கியபடி சுவரோடு நின்றான். கடைப் பக்கம் தலையால் காட்டி ஏதோ சொன்னான். ஒரு போலீஸ்காரன் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்க, அண்ணை வாசலுக்கு வந்தார். என் பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தார். தெரியாது என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் விலங்கு பூட்டினார்கள்.

முழங்கால் கதை சொல்கிற வாய், என் பிள்ளையைத் தெரியும் என்று சொல்லத் திறக்கவில்லை. தூ! கைபேசியோடு நேரே வீட்டுக்கு வந்தேன்.

"அந்த மனிசன் உன்னைத் தெரியாதெண்டு தலையாட்டினவர். உனக்குத் தெரியுமோ?" என்று மகனிடம் கத்தினேன்.

"ஓம் அம்மா. பாத்தனான்."

"பிறகேனடா எனக்குச் சொல்லேல்லை?"

அவன் என் கையிலிருந்த கைபேசியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"எங்கடை ஆக்களுக்குள்ளை உங்களோடை கதைக்கிறது அவர் மட்டும்தானே அம்மா," என்றான்.