அடியில்லாத பெட்டி

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறினேன். கட்டணம் ஒரு ரூபாய் இரண்டணா. என்னுடைய இரண்டு கட்டுகளுக்கு லக்கேஜ் என்று கண்டக்டர் நாலணா தனியாகப் பிடுங்கிக்கொண்டார். கட்டுகளில் இருந்தவை சேலத்தில் எங்கள் அச்சகத்தில் அடித்த தேர்தல் நோட்டீஸ்கள். நாடு குடியரசான பிறகு வரும் முதல் சட்டசபைத் தேர்தல், செவ்வாய்க்கிழமை ஓட்டு. நோட்டீஸ் கொடுத்தவர் மாரப்பன், ரோட்டுக்கு ஜல்லி உடைக்கும் கூலி, சுயேச்சை வேட்பாளர். அதற்கு எழுத்துக் கோத்தவன் நான். ஒரு கூலிக்காரர் எம்.எல்.ஏ. ஆவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் ஐந்து நாள் லீவு கெஞ்சி வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தேன்.

சூளகிரி தாண்டும்வரை வண்டி எங்களைப் பந்தாடியது. அப்புறம் புதிதாகப் போட்ட ரோடு வந்தது. சானமாவுக் காட்டுக்குச் சற்று முன்னால், ஜல்லிக் குவியல்களுக்கு நடுவே, ஓலைக் கொட்டகைகள் தெரிந்த இடத்தில் இறக்கிவிட்டார்கள். மணி ஒன்பது.

மாரப்பனுக்கு நாற்பது வயதிருக்கும். இடது கண் வெள்ளை படர்ந்திருந்தது. கல் சில்லு தெறித்ததாம். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நோட்டீஸை வாங்கி, விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மின்சார விளக்கு என்று போய் ஏழாவது வரியில் விரல் நின்றது.

"ஏங்க, இது மொதல்லதானே எழுதிக் குடுத்தேன்?"

'அரசு முத்திரையிட்ட, அடியுள்ள அளவுப் பெட்டி' என்பதுதான் அந்த வரி. கீழே தள்ளியவன் நான்தான். மேலே இருந்த ஐந்தாறு வாக்குறுதிகளும் என் கைச்சரக்கு. சட்டசபைக்குப் போகிறவர் மரப்பெட்டியைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்களே என்றேன்.

"யாருங்க சிரிப்பாங்க? கல்லு ஒடைக்கிறவன் எவனும் சிரிக்க மாட்டான். வாங்க, காட்டறேன்."

காட்டினார். கன்ட்ராக்டரின் பெட்டி நாலு பக்கமும் பலகை, மேலும் கீழும் திறப்பு. தரையில் வைத்து ஜல்லியைக் கொட்டி நிரப்பினால் ஒரு பெட்டிக் கூலி. முனியம்மா என்ற பெண் கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டிருந்தாள், பெட்டி நிறைந்தபாடில்லை. பெட்டி வைக்கும் இடத்தில் மேஸ்திரி முன்கூட்டியே குழி பறித்து, மேலே புழுதி தூவி வைத்திருப்பாராம். ஒரு பெட்டிக் கூலிக்கு ஒன்றரைப் பெட்டி கல் போகிறது. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"பெட்டி மொதல்ல. ரெண்டாவது, மாசம் ஒருவாட்டி இங்கயே வந்து கண்ணு பாக்கிற டாக்டர். அவ்வளவுதாங்க. ஆஸ்பத்திரின்னா ஓசூர்ல கட்டிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை கொட்டகையாகப் பதினோரு மைல் நடந்தோம். அவருக்குக் கிடைத்த சின்னம் சைக்கிள். சைக்கிள் அவரிடம் கிடையாது. எதிர் வேட்பாளரின் ஜீப் இரண்டு தடவை எங்கள்மேல் புழுதியை வாரியடித்துவிட்டுப் போனது. என் நோட்டீஸ்களை அடுப்புப் பற்றவைக்க வாங்கிக்கொண்டார்கள். படிக்கத் தெரிந்த ஓரிருவருக்கும் தெரிந்தது தெலுங்கு, அல்லது கன்னடம். ஆனால் மாரப்பனுக்கு நோட்டீஸே தேவைப்படவில்லை. ஒரு கல்மேல் ஏறி நின்று கேட்டார்:

"பெட்டிக்கு அடி இருக்குதா? அடுகு உந்தா? தளா இதியா?"

மூன்று மொழியிலும் ஒரே கேள்விதான். "இல்லே!", "லேது!", "இல்லா!" என்று கூட்டம் கத்தியது.

"அப்ப அடியைப் பாக்காம எதையும் கொட்டாதீங்க. எவன் சொன்னாலும் கொட்டாதீங்க!"

கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது. முனியம்மா கூடையைத் தட்டிக்கொண்டு சொன்னாள். நானும் கை தட்டினேன். இவர் ஜெயித்துவிடுவார் என்று அப்போது முழுசாக நம்பினேன்.

செவ்வாய் காலை எட்டு மணி. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுச் சாவடி. படிக்கத் தெரிந்தவன் என்று என்னையே மாரப்பன் ஏஜெண்டாக உட்கார வைத்துவிட்டார். இந்தத் தேர்தலில் முத்திரை குத்துவது கிடையாது. மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒன்றாக இரும்புப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் சின்னம் ஒட்டியிருக்கும். வேண்டியவர் பெட்டியின் மேலுள்ள சந்தில் சீட்டைப் போட வேண்டியதுதான். காட்டிலிருந்து யானை வரும் நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று கல் உடைக்கிறவர்கள் மத்தியானத்துக்குள்ளேயே வரிசையாக வந்து போட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரும் வெளியே வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மறைப்பை எடுத்தார்கள். சைக்கிள் பெட்டியின் மேல் ஓட்டுச் சீட்டுகள் ஓரம் பிசகாமல் அடுக்கி இருந்தன. பறந்துவிடாமல் மேலே ஒரு ஜல்லிக் கல்.

"பெட்டிக்கு உள்ளே விழாதது ஓட்டு இல்லை" என்றார் அதிகாரி. நான் கெஞ்சினேன், கத்தினேன். அவர் ரூல் புத்தகத்தைக் காட்டிவிட்டு, சீட்டுகளைத் தனியாகக் கட்டி 'செல்லாதவை' என்று எழுதினார். கல்லை ஜன்னல் வழியாக எறிந்தார். அவர்மேல் தப்பில்லை, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கொட்டகைக்கு ஓடிவந்து சொன்னேன். மாரப்பன் முனியம்மாவிடம் கேட்டார்: "ஏம்மா, உள்ள போடலியா?"

"சந்துல கண்ணு வச்சுப் பாத்தேம்ப்பா. ஒரே இருட்டு. அடி தெரியல. எனக்கு முன்னாடி போனவங்களும் மேலதான் வச்சிருந்தாங்க. நீதானே சொன்ன, அடியைப் பாக்காம கொட்டாதீங்கன்னு?"

மாரப்பன் நல்ல கண்ணையும் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வரியை அவர் சொன்னபடி முதலில் போடாமல் கீழே தள்ளினேன். அவர் வாயாலேயே அது எல்லார் மனசிலும் முதலில் போய் உட்கார்ந்துவிட்டது. ஓட்டுப் பெட்டிக்கு அடி உண்டு என்று சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, கை தட்டிய எனக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை ஏழரைக்குக் கிருஷ்ணகிரி பஸ். புது ரோட்டில் வண்டி குலுங்காமல் போயிற்று. "பெங்களூர் ரோடு மாதிரி போட்டிருக்கானுங்க, சார்" என்றார் டிரைவர். சேலத்தில் எங்கள் தெரு ரோடு இதில் பாதிகூட நன்றாக இருக்காது. ஜல்லிக் குவியலைத் தாண்டும்போது எதிரே லாரி வந்ததால் பஸ் ஓரங்கட்டி நின்றது. மேஸ்திரி பெட்டியைத் தரையில் வைத்து, காலால் ஆட்டிச் சரிபார்த்தார். மாரப்பன் திரும்பி உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்தார். முனியம்மா கூடையைத் தூக்கி வந்தாள். அடியைப் பார்க்கவில்லை. கொட்டினாள்.